பட்டனுக்காகக் காத்திருந்த கடல்

அத்தியாயம் 5

ஒட்டகம் அந்தக் கடலைப் பதினோராவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஹெட்போனைக் கழற்றினால் காது இரண்டும் நனைந்திருக்குமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எதிர் மேஜையில் டீச்சர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். டீச்சர் என்பது பட்டப்பெயர் அல்ல. இருபத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் நடையாய் நடந்து, எந்தப் பெஞ்சில் யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடித்தவர். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். ஒட்டகம் அவருடைய உதவியாளன். கழுத்து நீளமாக இருப்பதால் வந்த பெயர். வாயும் அதே நீளம்தான், ஆனால் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. முன்பு ஒரு மேடைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். அந்தக் குழு கலைந்ததற்குத் தன் வாசிப்பு காரணமில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

மூன்று நாளைக்கு முன்னால் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றபடியே ஒப்பித்தார்.

"அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு டீச்சர். வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். என் ரத்தம் அப்பாவுக்குச் சேராது, தம்பி ரத்தம் சேரும். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அதுக்குள்ள அவன் எனக்கு வேணும்."

தம்பி நான்கு மாதத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போனவன். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை குடும்ப குரூப்பில் அவன் குரல் வரும். கப்பல் நடுக்கடலில் நிற்கிறது, இப்போதைக்கு இறங்க முடியாது, அப்பாவைப் பார்த்துக்கொள். பின்னால் அலை ஓங்கி அடித்துக்கொண்டிருக்கும். அக்கா கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கே போய்ப் பார்த்துவிட்டார். அப்படி ஒரு பெயர் எந்தக் கப்பல் பட்டியலிலும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

இன்று தேதி பதினொன்று.

"டீச்சர், இது கடல் இல்ல" என்றான் ஒட்டகம்.

"பின்ன?"

"சாஃப்ட்வேர். சிந்தசைசர்னு சொல்லுவாங்க. டி.வி.ல சேனல் போச்சுன்னா உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வருமே, அதுதான் கச்சாப் பொருள். அதோட வாய்ல ஒரு ஃபில்டர். ஃபில்டர் திறந்தா இரைச்சல் பொங்கும், மூடினா அமுங்கும். மாத்தி மாத்தித் திறந்து மூடிட்டே இருந்தா, அலை வந்து போற மாதிரியே இருக்கும்."

"யார் உட்கார்ந்து திறந்து மூடறது?"

"அதுக்கு உள்ளயே எல்.எஃப்.ஓ.ன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் ஒரு அலைதான். ஆனா ரொம்ப மெதுவா ஆடும், காதுக்கே எட்டாது. அதுக்குன்னு சொந்தமா சத்தம் கிடையாது. மத்த சத்தத்தோட திருகுக் குமிழைப் பிடிச்சு மேலயும் கீழயும் திருப்பறதுதான் வேலை."

"அதாவது, தான் வாயைத் திறக்காம அடுத்தவங்கள ஆட்டி வைக்கற ஆள்."

"எங்க மாமியார் வீட்டுக்கு நீங்க எப்ப வந்தீங்க டீச்சர்?"

டீச்சர் பென்சிலின் நுனியைப் பார்த்தார். ஒட்டகத்தின் நகைச்சுவைகளுக்கு அவர் அதிகபட்சமாகத் தரும் மரியாதை அதுதான்.

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்ற?"

"ரெண்டு விஷயம். ஒண்ணு, அலை ஏழு செகண்டுக்கு ஒண்ணு. ஆறே முக்கால் இல்ல, ஏழே கால் இல்ல. அச்சா ஏழு. ரெண்டாவதுதான் முக்கியம். மொத்தம் ஒன்பது மெசேஜ். ஒன்பதுலயும் முதல் அலை மூன்றரையாவது செகண்ட்ல வந்து உடையுது."

பென்சில் சீவுவது நின்றது. "ஒன்பதுலயுமா?"

"ஒன்பதுலயும். எல்.எஃப்.ஓ.வுக்கு ஒரு பட்டன் உண்டு. அது ஆன்ல இருந்தா, ஒவ்வொரு தடவை கீயை அமுக்கும்போதும் ஆட்டம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஆஃப் பண்ணிட்டா அது பாட்டுக்கு ஆடிட்டே கிடக்கும், நாமதான் நடுவுல எங்கயாவது போய் நுழையணும். நிஜக் கடல் ரெண்டாவது வகை. இதைச் செஞ்ச ஆள் பட்டனை ஆஃப் பண்ணல."

"ஆக, இவன் அமுக்கற வரைக்கும் கடல் கையைக் கட்டிட்டுக் காத்திருக்கு."

"ரொம்ப நல்ல பிள்ளை."

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. ஒன்பது விடைத்தாளில் ஒரே இடத்தில் ஒரே தப்பு என்றால், பரீட்சை ஹாலில் அவருக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது.

"தம்பியே செஞ்சிருப்பான்" என்றான் ஒட்டகம். "எங்கயோ ரூம் எடுத்து உட்கார்ந்துகிட்டு, கிட்னி குடுக்கப் பயந்து கடல்னு ரீல் சுத்திட்டு இருக்கான்."

"இருக்கலாம். ஆனா ஆறாவது மெசேஜை ஞாபகப்படுத்திப் பாரு. 'அப்பா ரூம் குழாய் ஒழுகுதே, வாஷர் மாத்தச் சொல்லுக்கா'ன்னு சொல்றான். அக்காகிட்ட விசாரிச்சேன். குழாய் ஒழுக ஆரம்பிச்சது அதுக்கு முந்தின நாள். குரூப்ல அதைப்பத்தி யாரும் ஒரு வரி எழுதல."

"நடுக்கடல்லேர்ந்து குழாய் தெரியுதுன்னா ரொம்ப நல்ல பைனாகுலர்."

"வீட்டுக்குள்ள இருக்கற யாரோ அவனோட பேசிட்டு இருக்காங்க. சின்னப் புள்ளைங்க ரெண்டையும் விட்டா அக்கா, அக்காவோட வீட்டுக்காரர், அப்பா. மூணே பேர்." டீச்சர் எழுந்து கைப்பையை எடுத்தார். "மூணு பேர்கிட்டயும் தனித்தனியா கடல்ல ஒரு தப்பு சொல்லப் போறோம். ஆளுக்கு ஒரு தப்பு. அடுத்த மெசேஜ்ல எந்தத் தப்பு திருந்தி வருதோ, அந்தக் காது வழியா விஷயம் போகுது."

"என் ஓட்டு வீட்டுக்காரருக்கு. மருமகன்னாலே எனக்கு ஒரு சந்தேகம்."

"நீயும் ஒரு மருமகன்தான்."

"அனுபவத்துலதான் சொல்றேன். தோத்தா ஒரு வாரம் ஆபீஸ் பெருக்கறேன்."

மருந்துக்கடை அக்காவின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. கூடத்தில் பாதியை மருந்து அட்டைப்பெட்டிகள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகைகள் அடுக்கியிருந்தன. அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாள் முழுக்க அடுத்தவன் பிரேக் போடுவானா மாட்டானா என்று பார்த்துப் பார்த்து, நிற்கும்போதும் வலது கால் லேசாகத் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

டீச்சர் அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், எல்லா அலையும் ஒரே உயரமாக இருக்கிறது, கடல் அப்படி இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்து மாஸ்டரை வாசலுக்கு அழைத்துப் போனார். நடுக்கடல் என்கிறான், காற்று கொஞ்சமும் கேட்கவில்லையே என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார். "பதினெட்டாம் தேதிக்குள்ள ஆள் கிடைப்பானா சார்?" என்று டீச்சர் கொக்கி போட்டதும், கையிலிருந்த கார்ச் சாவியைக் கீழே போட்டார். குனிந்து எடுத்து, கிளாஸுக்கு நேரமாயிற்று என்று நழுவிவிட்டார். கூடத்திலிருந்து இதைப் பார்த்த ஒட்டகம், துடைப்பம் தன் கைக்கு வராது என்று முடிவு கட்டிக்கொண்டான்.

அப்பாவிடம் பேசும் வேலை அவன் தலையில் விழுந்தது.

பின்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார் அப்பா. மெலிந்த கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடம் புடைத்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு சின்ன தண்ணீர் பாட்டில், அதன் மேல் பிளாஸ்திரியில் கோடு கோடாக மணி எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணீர். மடியில் மருமகன் கொடுத்த பழைய லேப்டாப், கழுத்தில் ஹெட்போன். பாட்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறார் பாவம் என்று அக்கா சொல்லியிருந்தார்.

"பத்து மணிக்கு வர்றதா சொன்னீங்க" என்றார் அப்பா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. "வாசல்ல குரல் கேட்டப்ப பத்து நாலு."

"டிராஃபிக் சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. மில்லுல முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸ்ல இருந்தேன். லேட்டா வந்ததுக்கு மில் கேட்ல நான் கேக்காத காரணமே கிடையாது."

ஒட்டகம் அசடு வழிந்தான். நான்கு நிமிஷத்துக்கு அரை நாள் சம்பளம் போய்விடுமோ என்றுகூடத் தோன்றியது. பிறகு குரலைத் தாழ்த்தி, வந்த விஷயத்தைச் சொன்னான். உங்கள் மகன் அனுப்பும் மெசேஜில் ஒரு வினோதம், எல்லாவற்றிலும் முதல் அலை மூன்றரையாவது செகண்டில்தான் வருகிறது.

அப்பா ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"மூன்றரையா?"

"மூன்றரை."

"நல்லா கவனிச்சுக் கேட்டிருக்கீங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். களைப்பாக இருக்கிறது போலும் என்று ஒட்டகம் வெளியே வந்துவிட்டான். அவனுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பெற்ற பிள்ளை ஊரிலேயே ஒளிந்துகொண்டு பொய்க்கடல் அனுப்புகிறான், இவர் கோடு போட்டுத் தண்ணீர் குடிக்கிறார்.

பதின்மூன்றாம் தேதி பிற்பகல் பத்தாவது மெசேஜ் வந்தது. அக்கா உடனே டீச்சருக்கு அனுப்பிவைத்தார். "அக்கா, பதினெட்டுக்குள்ள வர வழியில்லக்கா. மன்னிச்சுக்க" என்றது குரல்.

ஒட்டகம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். அக்காவுக்குச் சொன்ன தப்பைத் திருத்துவதானால் இன்னொரு எல்.எஃப்.ஓ. போட்டு அலையின் உயரத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். உயரம் அப்படியேதான் இருந்தது. மாஸ்டருக்குச் சொன்னதைத் திருத்துவதானால் காற்று வீசியிருக்க வேண்டும். ஓர் இலைகூட அசையாத காற்றில்லாத கடல். மறுபடி முதலிலிருந்து போட்டான். இந்தத் தடவை ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டான்.

ஆரம்பமே பாதி அலை. மெசேஜ் தொடங்கும்போது அலை ஏற்கெனவே உடைந்து வடிந்துகொண்டிருந்தது. அடுத்தது ஐந்தேகாலாவது செகண்டில் வந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தான்.

"அப்பாவா?" என்றார் டீச்சர்.

"பட்டனை ஆஃப் பண்ணிட்டாரு. ஆனா டீச்சர், பாத்ரூம் போறதுக்கே அவருக்கு ஒரு கை வேணும். அவர் போய்..."

"கீயை அமுக்கினா கடல் வரும்னு நீதானே சொன்ன, அதுக்கு ஒரு விரல் போதும். அலை எத்தனை செகண்டுக்கு ஒண்ணு வருது?"

"இப்பவும் ஏழுதான். அதைத்தான் நாம யாருக்கும் சொல்லலையே."

"நிஜக் கடல் முன்னப் பின்ன வரும்னு யாருக்கும் தெரியும். அலைகூட லேட்டா வரக்கூடாதுன்னு யாருக்குத் தோணும்?"

ஒட்டகத்துக்குச் சுவர்க் கடிகாரமும் பத்து நாலும் ஞாபகம் வந்தது. மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, கையில் துடைப்பம் இருந்ததால் விட்டுவிட்டான்.

ஒரு மணி நேரத்தில் பின்னறையில் எல்லாரும் இருந்தார்கள். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். மாஸ்டர் கதவோரம் நின்று இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தார். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"சார், அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்புங்க."

அப்பா மறுக்கவில்லை. திருப்பினார். திரையில் வரிசை வரிசையாகத் திருகுக் குமிழ்கள், நடுவே ஒரு சின்னக் கட்டத்தில் அலைக்கோடு ஒன்று மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஏழு என்று இருந்தது. அக்கா அந்தக் கோட்டையே பார்த்தார். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"குரல் அவன் அனுப்புவான்" என்றார் அப்பா. "கடல் நான் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். அவன் குரூப்ல போடுவான். டயாலிசிஸ்ல ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் அசையாம உட்காரணும். அங்க உட்கார்ந்துதான் கத்துக்கிட்டேன். அவன்தான் போன்ல சொல்லிக் குடுத்தான்."

"அவன் எங்கப்பா இருக்கான்?" என்றார் அக்கா.

"ரெண்டு தெரு தள்ளி. சலவைக்கடை மாடியில."

"ரெண்டு தெரு" என்றார் அக்கா. "நான் துறைமுகம் வரைக்கும் போய் அலைஞ்சேன்."

"எதுக்குன்னு கேளு." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி அவனுக்கு ஸ்கேன் எடுத்திருக்காங்க. பிறந்ததுலேர்ந்தே அவனுக்கு ஒரு கிட்னிதான். நமக்கே தெரியாது. கம்பெனிக்காரங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவமானமா இருக்குன்னு என்கிட்ட மட்டும் வந்து சொன்னான். அடுத்த வாரமே எனக்கு இப்படி ஆயிடுச்சு."

ஒட்டகத்துக்குச் சுருக்கென்றது. கிட்னி குடுக்கப் பயந்தவன் என்று தான் சொன்ன வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அவனால முடியாதுன்னு தெரிஞ்சா நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா மகளிடம். "ஆஸ்பத்திரியில அந்த ஏற்பாடு இருக்காமே. ரத்தம் சேராத ரெண்டு வீட்டுக்காரங்க மாத்திக்கறது. உன் கிட்னி அந்த வீட்டுக்கு, அந்த வீட்டு கிட்னி எனக்கு. உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. தம்பி வருவான், வருவான்னு நீ காத்துட்டு இருந்தா அந்தப் பக்கம் போக மாட்ட. அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். அவ்வளவுதான் திட்டம்."

மாஸ்டரின் கால் பிரேக்கை விட்டுவிட்டது.

"அப்பா" என்றார் அக்கா. "அந்தப் பேப்பர்ல நான் போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சு."

அப்பா நிமிர்ந்தார். மருமகனைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். கணவர் கையெழுத்தும் அதில் விழுந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோயிற்று.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிட்னி தரும் ஆளே கிடைக்காமல் எந்த டாக்டர் பதினெட்டாம் தேதி என்று நாள் குறிப்பார்? முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருபத்திரண்டு வருஷத்தில் வினாத்தாளையே சரியாகப் படிக்காமல் போனது இதுதான் முதல் தடவை. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"அப்ப தம்பியை எதுக்குத் தேடச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"அவன்கிட்ட கிட்னி கேக்கறதா நான் எங்க டீச்சர் சொன்னேன்? வேணும்னுதானே சொன்னேன்." அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் உட்கார்ந்து ஒட்டகம் பார்ப்பது இப்போதுதான். "அன்னைக்குக் காலைல அப்பா ஒரு ரூம், நான் ஒரு ரூம். ரெண்டு பேரும் மயக்கத்துல கிடப்போம். இவர் புள்ளைங்களைப் பாக்கணும், கடையைப் பாக்கணும். வெளியில பெஞ்சுல நம்ம ஆள்னு ஒருத்தன் உட்கார வேண்டாமா? டாக்டர் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, நான்தான்னு எழுந்து நிக்க ஒருத்தன் வேணும். எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

"எனக்கு வேண்டாம்னு சொன்னா?" என்றார் அப்பா.

"சொல்லுங்க. ஆனா அந்த வீட்டுல ஒரு அம்மா என் கிட்னிக்காகக் காத்துட்டு இருக்காங்க. நீங்க வேண்டாம்னா அவங்களுக்கும் கிடையாது. அவங்க மகன்தான் உங்களுக்குக் குடுக்கறான். விலாசம் தர்றேன், நீங்களே போய் அவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க."

முப்பத்தொரு வருஷம் மில் கேட்டில் ஆயிரம் பேரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர், மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"காலைல எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் கடைசியில்.

"ஆறு."

"அவன் ஆறு மணிக்கு எழுந்திருக்க மாட்டான்."

"எழுப்புங்க."

அப்பா போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, விரல் தானாகவே போயிற்று. மறுமுனையில் எடுத்த சத்தம் கேட்டது. ஒட்டகத்துக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. டீச்சரைப் பார்த்தான், டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்டா. அக்காவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இல்ல, திட்டல. நீ இப்பவே துணிமணியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. பதினெட்டாம் தேதி ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல நீ இருக்கணும்." சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஆறுன்னா அஞ்சே முக்கால்."